38 வெள்ளிக்கு வாங்குன கலர் எல் கீ செட்: ஜிம் மெஷின் ரிப்பேர் பண்றவனோட ரிவியூ

மொதல்ல விலைய சொல்லிடுறேன், எல்லாரும் அதத்தான் தேடி வருவீங்க. 38 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். எல் கீன்னா ஆலன் கீ, ஆறு மூல ஓட்டை இருக்குற போல்ட்ட சுத்துற, L மாதிரி வளைஞ்ச கம்பி. ஒம்போது பீஸ், 1.5ல ஆரம்பிச்சு 2, 2.5, 3, 4, 5, 6, 8, கடைசில 10 எம்எம் வரைக்கும், நீளமான பக்கம் பால் எண்ட் (உருண்ட முனை), ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர்ல பிளாஸ்டிக் ஸ்லீவ், எல்லாத்தையும் சொருகி வைக்க ஒரு கறுப்பு ஹோல்டர். ஜார்ஜ்டவுன்ல ஒரு பழைய ஹார்ட்வேர் கடைல வாங்குனது. பிராண்டு பேரு சொல்லல, ஏன்னா இதே சாமான் ஆன்லைன்ல நாலஞ்சு பேருல ஓடுது, டப்பா மட்டும்தான் வேற, உள்ள பாத்தா அச்சு அசல் ஒண்ணுதான். அதனால பேரு தெரிஞ்சு உங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, என்ன பாத்து வாங்கணும்னு தெரிஞ்சா போதும்.

நான் பினாங்குல கோண்டோ ஜிம் மெஷின்லாம் சர்வீஸ் பண்றேன். திரெட்மில், ஸ்பின் பைக், எலிப்டிகல், கேபிள் மெஷின் எல்லாம். தஞ்சோங் தோக்கோங் பக்கம் ஒண்ணு, பாயான் பாருல ஒண்ணு, சாயந்தரம் பாலத்த தாண்டி பட்டர்வொர்த்துன்னு ஓடிட்டே இருக்குற வேலை. இந்த வேலைல ஸ்பேனர விட எல் கீ தான் அதிகமா கைல இருக்கும். மெஷின் கவரு, ஹேண்டில், சீட்டு, பின்னாடி ரோலர அட்ஜஸ்ட் பண்ற போல்ட்டு எல்லாமே ஆறு மூல ஓட்டைதான்.

இதுல என்ன கஷ்டம்னா சைஸ் ரொம்ப பக்கத்துல பக்கத்துல வரும். M8 போல்ட்டு (மறை தடிமன் 8 எம்எம்) உருண்ட தலையா, அதாவது பட்டன் ஹெட்டா இருந்தா 5 எம்எம் கீ. அதே M8 உயரமான சிலிண்டர் தலையா இருந்தா 6 எம்எம். M10 பட்டன் ஹெட்டுக்கும் 6 தான். ஒரே மெஷின்ல ரெண்டு தலையும் கலந்து போட்டிருப்பான், ஒரு பக்கம் 5, அடுத்த கைப்பிடிக்கு வந்தா 6. நீங்க தரைல படுத்துக்கிட்டு, டார்ச்சு வாயில, ஒரு கைய மெஷின் அடில விட்டுக்கிட்டு இன்னொரு கையால துழாவுனா எல்லா கீயும் ஒரே வெள்ளி கலர்ல ஒரே மாதிரி இருக்கும், எடுத்து போட்டு பாத்து, இல்ல இதுல்ல, மறுபடி எடுத்துன்னு ஒரு போல்ட்டுக்கு மூணு தடவ. சைஸ் நம்பரு கீ மேல பொறிச்சிருப்பான், இல்லங்கல, ஆனா அது எறும்பு சைஸுல இருக்கும், அது மேல கிரீஸு வேற. நாப்பது வயசு தாண்டுன கண்ணுக்கு அதெல்லாம் ஆகாது லா.

கலர் செட்டு அதுக்குத்தான். இந்த விஷயத்துல இந்த 38 வெள்ளி சாமான் சொன்னத செய்யுது. மூணாவது நாலாவது வேலைலயே கை தானா போக ஆரம்பிச்சிடுச்சு, பச்சைன்னா 4, நீலம்னா 5, யோசிக்கவே வேணாம். கூட வர்ற தம்பிகிட்ட "6 குடு"ன்னு கேக்குறத விட "ஊதா குடு"ன்னு கேட்டா சீக்கிரம் வருது. (தம்பி கத தனி, கீழ சொல்றேன்.)

இரும்பு எப்படின்னு கேப்பீங்க. விலைக்கு மோசமில்ல. ஸ்பின் பைக் கிராங்க் போல்ட்டு 8 எம்எம் கீ போடும், அது நல்லா இறுக்கமா பூட்டணும், இல்லன்னா பெடல் மிதிக்கிறப்ப கட கடன்னு ஆடும். அந்த போல்ட்டுல வச்சு நல்லா அழுத்திப் பாத்துட்டேன், கீ வளையல, முனையும் மழுங்கல. சின்னது ரெண்டும், 1.5உம் 2உம், கொஞ்சம் சாஃப்டா இருக்கு, கன்சோல் பின்னாடி இருக்குற குட்டி ஸ்குரூ இறுகியிருந்தா முனை முறுக்கிக்கும் போல ஒரு பயம் வருது. அதுக்கு வேற கீ வச்சிருக்கேன். பால் எண்ட் பத்தி ஒரு வார்த்த. சாய்ச்சு போட்டு சுத்தறதுக்கு அது ரொம்ப வசதி, அமெரிக்காவுல ஜான் பாண்டஸ்னு ஒருத்தரு 1964ல கொண்டு வந்தது, இப்ப எல்லாரும் போடுறாங்க. ஆனா இறுகுன போல்ட்ட அதால ஒடைக்கப் பாக்காதீங்க, கழுத்து மெலிசு, உருண்ட முனை பூராவா ஒக்காராது. மொதல்ல குட்டைப் பக்கத்த உள்ள விட்டு லூஸ் பண்ணு, அப்பறம் பால் எண்ட்ட வச்சு சுத்து. இது எந்த பிராண்டுக்கும் பொருந்தும்.

இப்ப கொறைக்கு வரேன். இங்கதான் கொஞ்சம் நீளமா எழுதப் போறேன் ஏன்னா கடைக்காரன் இத சொல்ல மாட்டான்.

சைஸ் நம்பர எங்க போட்டிருக்கான்னு பாத்தீங்கன்னா ஸ்லீவு மேல. வெள்ளை இங்க்ல அச்சடிச்சிருக்கான். இரும்புல பொறிச்ச நம்பரே கிடையாது, ஒரு ஸ்லீவ அறுத்து உள்ள பாத்துட்டேன், சுத்த வழு வழு. அந்த வெள்ளை இங்க் டீகிரீசர், அதாவது கிரீஸ் போக்குற திரவம், பட்ட கையோட அழிஞ்சிடுது. நான் பிரேக் கிளீனர் கூட போடல, சாதாரண டீகிரீசர் துணியால தொடச்சதுக்கே 5ங்கிறது வெறும் ஒரு வளைவா நிக்குது. அப்பறம் உங்களுக்கு மிச்சம் கலரு மட்டும்தான். கலரு மட்டும் போதுமேன்னு தோணும். போதாது.

ஏன்னா 5க்கு நீலம், 6க்கு ஊதா போட்டிருக்கான். ஒம்போது கலருல எத எதுக்கு வேணா குடுத்திருக்கலாம், அதிகமா பொழங்குற, ஒண்ணோட ஒண்ணு மாறிப் போற ரெண்டு சைஸுக்கு போய் பக்கத்துப் பக்கத்து கலர குடுத்து வச்சிருக்கான். பகல் வெளிச்சத்துல தெரியுது. கோண்டோ ஜிம்ல மூடு வரணும்னு மஞ்சள் லைட்டு போட்டிருப்பாங்க பாருங்க, அதுக்கு கீழ ரெண்டும் ஒரே கறுநீலம். இத டிசைன் பண்ணவன் ஒரு நாள் கூட மெஷின் அடில படுத்திருக்க மாட்டான். நல்லா யோசிச்சு பண்ணியிருந்தா பக்கத்து சைஸுக்கு எதிர் கலரா குடுத்திருப்பான், 5 மஞ்சள் 6 நீலம்னு. வானவில் வரிசைல அடுக்குனா டப்பால பாக்க அழகா இருக்கும், விக்கிறதுக்கு நல்லா இருக்கும், அவ்வளவுதான்.

மூணாவது கொறை, ஸ்லீவு வழுக்குது. திரெட்மில் பெல்ட்டுக்கு அடில சிலிகான் ஆயில் விடுவோம், அது கைல பட்டா சோப்பு போட்டும் போகாது. அந்தக் கையோட இந்த ஸ்லீவ புடிச்சு திருப்புனா இரும்பு அப்படியே நிக்குது, ஸ்லீவு மட்டும் சுத்துது. பெரிய சைஸுல அவ்வளவா இல்ல, 3க்கும் 4க்கும் நல்லா தெரியுது. ஒட்டி வச்சிருக்கான்னு நெனச்சேன், சும்மா சொருகித்தான் வச்சிருக்கான்.

ஹோல்டரு பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. 10 ரொம்ப டைட்டு, 1.5 தலைகீழா புடிச்சா விழுந்துடும்.

வாங்குன கொஞ்ச நாள்லயே 10 எம்எம் ஸ்லீவு நீளவாக்குல வெடிச்சிடுச்சு. கடைக்கு எடுத்துட்டு போனேன். டவுக்கே, அதான் கடை மொதலாளி, கண்ணாடிய எறக்கிட்டு பாத்தாரு, "இனி பிளாஸ்டிக் சஜா, பாஸ், பெசி ஓகே"ன்னாரு. அதாவது வெறும் பிளாஸ்டிக்தான், இரும்பு நல்லாத்தான இருக்குங்கிறாரு. பாஸ், அந்த பிளாஸ்டிக்குக்குத்தான நான் காசு குடுத்தேன், கலர் இல்லாத செட்டு உங்க கடைலயே இருவது வெள்ளிக்கு தொங்குதுன்னேன். சிரிச்சிட்டு, "ரெசிட் அடா?"ன்னு, ரசீது இருக்கான்னு கேட்டாரு, இருந்துச்சு, வேற செட்டு மாத்திக் குடுத்துட்டாரு, பேச்சே இல்ல. கடை சர்வீஸுக்கு முழு மார்க்கு. ஆன்லைன்ல வாங்கியிருந்தா போட்டோ எடு வீடியோ எடுன்னு ஒரு வாரம் இழுத்திருப்பான். அதனால ரெண்டு மூணு வெள்ளி கூட ஆனாலும் இந்த மாதிரி சாமான பக்கத்து கடைல கைல புடிச்சு பாத்து வாங்குங்க, ஸ்லீவ திருகிப் பாருங்க, சுத்துச்சுன்னா வச்சிட்டு வந்துடுங்க.

நல்ல பிராண்டு எப்படி பண்றாங்கன்னு ஒப்பிட்டு பாத்தா வித்தியாசம் புரியும். ஜெர்மனி வேரா கம்பெனி, வுப்பெர்டால் ஊர்ல இருக்கு, அவங்க மல்டிகலர் செட்டுலயும் ஸ்லீவுதான், ஆனா அது கம்பியோட ஒட்டி ஒக்காந்திருக்கும், நம்பரும் பெருசா தெளிவா இருக்கும். முனையிலயும் ஒரு வேலை பண்ணியிருக்காங்க, ஹெக்ஸ் பிளஸ்னு பேரு, மூலைல மட்டும் அழுத்தாம பக்கத்துலயும் பரவி அழுத்துற மாதிரி வடிவம், அதனால போல்ட்டு ஓட்டை சீக்கிரம் உருண்டு போகாது. சுவிட்சர்லாந்து பிபி சுவிஸ், 1878ல ஆரம்பிச்ச கம்பெனி, அவங்க ரெயின்போ செட்டுல ஸ்லீவே கிடையாது, கம்பி மேலயே பவுடர் கோட்டிங். ஸ்லீவு இல்லாததால கீ மெலிசா இருக்கும், ஆழமான குழிக்குள்ள எறங்கும், சுத்தற பிரச்சினையே இல்ல. ரெண்டும் இந்த 38 வெள்ளியோட பல மடங்கு வெல. தெனம் இதே வேலைன்னா ஒரு தடவ அழுதுட்டு வாங்கிடலாம். வீட்டுல கட்டிலு மேச பூட்டறதுக்கு, சைக்கிளு சீட்டு ஏத்தி எறக்கறதுக்குன்னா தேவையே இல்ல.

ஒரு முக்கியமான விஷயம், இத கடைல யாரும் சொல்ல மாட்டாங்க. எந்த சைஸுக்கு எந்த கலருன்னு உலகத்துக்குப் பொதுவா ஒரு கணக்கு கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் அவன் இஷ்டத்துக்கு வச்சிருக்கான். கீயோட அளவுக்கு ஸ்டாண்டர்ட் இருக்கு, கலருக்கு இல்ல. அதனால ஒரு பிராண்டுல 5 பழகிட்டு இன்னொரு பிராண்டு செட்ட பைல கலந்து போட்டீங்கன்னா கலர் இல்லாம இருந்தத விட மோசமா கொழம்பும், ஏன்னா கை யோசிக்காம பழைய கலருக்கு போகும். ஒண்ணு வாங்குனா அதே கம்பெனில நில்லுங்க, இல்ல எல்லாத்தையும் நீங்களே உங்க கணக்குல மாத்திக்குங்க. நான் ரெண்டாவது வழிக்கு போனேன்.

ஹீட் ஷ்ரிங்க் டியூபுதான். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற கடைல மீட்டர் கணக்குல வெட்டிக் குடுப்பான், கலர் கலரா இருக்கும், சூடு காட்டுனா பாதியா சுருங்கி கம்பிய கவ்விப் புடிச்சுக்கும். செட்டோட வந்த ஸ்லீவு எல்லாத்தையும் கத்தியால கீறி எடுத்து போட்டுட்டேன். கம்பிய தின்னர்ல தொடச்சு, கலர் டியூப விட்டு, ஹாட் ஏர் கன்னு காட்டுனா அது மெதுவா சுருங்கி, கம்பி வளையுற எடத்துல கூட சுருக்கமில்லாம ஒக்காரும் பாருங்க, அத பாக்கவே ஒரு திருப்தி. அதுக்கு மேல பெயிண்ட் மார்க்கரால சைஸ் பெருசா எழுதி, காய வச்சு, மேல கண்ணாடி மாதிரி தெரியுற டியூபு இன்னொண்ணு விட்டு சூடு காட்டிட்டேன். இப்ப நம்பரு ரெண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவுல இருக்கு, டீகிரீசரு அத தொடவே முடியாது. கொஞ்ச மாசமா ஓடுது, ஒரு நம்பரும் அழியல, ஸ்லீவும் சுத்தல. கலரையும் என் இஷ்டத்துக்கு மாத்திட்டேன், 5 மஞ்சள், 6 நீலம், 8 சிவப்பு, 4 வெள்ளை. அதிகமா பொழங்காத சின்ன சைஸு மூணுக்கும் ஒரே கறுப்பு, அது கண்ணுல பாத்தே தெரியும், அதுக்கு எதுக்கு கலரு.

இன்சுலேஷன் டேப்பு சுத்தலாமேன்னு கேப்பீங்க. சுத்தலாம், நம்ம ஊரு வெயில்ல காடி டிக்கிக்குள்ள ஒரு வாரம் கெடந்தா டேப்பு கோந்து உருகி வெளிய வழிஞ்சு, கை பூரா பிசுபிசுன்னு ஆகி, அதுல தூசி ஒட்டி, பனங்கொட்டைய சப்பிப் போட்ட மாதிரி ஆயிடும். நெய்ல் பாலிஷும் சிலரு போடுறாங்க. பொறிச்ச நம்பர் இருக்குற ஸ்பேனருக்கு அது உண்மையிலயே நல்ல வழி, நம்பரு பள்ளத்துல பாலிஷ தடவிட்டு மேல துணியால வழிச்சு எடுத்துட்டா பள்ளத்துக்குள்ள மட்டும் கலரு நிக்கும், எழுத்து பளிச்சுன்னு தெரியும். ஆனா அசிட்டோன் கலந்த கிளீனரு பட்டா போச்சு. மோட்டாரு கடைல வேலை செய்றவங்களுக்கு அது ஆகாது.

இன்னொண்ணு, டேப்பு சுத்துனா கரண்டு அடிக்காதுன்னு நெனைக்கிறவங்க இருக்காங்க. தயவு செஞ்சு அப்படி நம்பாதீங்க. கரண்டு வேலைக்குன்னு 1000 வோல்ட்டுக்கு டெஸ்ட் பண்ணி வர்ற டூல்ஸ் தனி, ஐஇசி 60900ங்கிற ஸ்டாண்டர்டுல வரும், கைப்பிடில ரெண்டு முக்கோணம் போட்ட குறியும் 1000Vனும் இருக்கும். அதுல நெறைய டூல்ஸ்ல ரெண்டு கலர் ரப்பரு போட்டிருப்பான், மேல சிவப்பு உள்ள மஞ்சள், மேல வெட்டுப்பட்டு உள்ள கலரு தெரிஞ்சா தூக்கிப் போடுன்னு அர்த்தம். அங்க கலரு உயிர் விஷயம். அது மேல போய் நம்ம சைஸ் டேப்ப சுத்தி வச்சா அந்த வெட்டு மறைஞ்சிடும். அத மட்டும் தொடாதீங்க.

இஞ்ச் சைஸுக்கு வரேன், ஜிம் மெஷின்ல இது பெரிய தலவலி. பழைய அமெரிக்கா மெஷின்ல இஞ்ச் போல்ட்டு இருக்கும், தைவான் சீனா மெஷின் எல்லாம் எம்எம். ஒரே ஜிம்ல பக்கத்துப் பக்கத்துல நிக்கும். சில சைஸு மாத்திப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது, 5/32 இஞ்ச்ங்கிறது 3.97 எம்எம், 4 எம்எம் ஓட்டைல நல்லாவே ஒக்காரும். 5/16 இஞ்சும் 8 எம்எம்மும் அதே கத. ஆனா 3/16 இஞ்ச்ங்கிறது 4.76. அத 5 எம்எம் ஓட்டைல விட்டா போகும், ஒக்காந்த மாதிரியே இருக்கும், அழுத்துனா கால் எம்எம் ஆட்டம், மூலை உருண்டு ஓட்டை வட்டமாயிடும். அப்பறம் டிரில்லு போட்டு போல்ட்ட எடுக்கணும். முன்னாடி யாரோ பண்ணிட்டு போன இந்த வேலைய நான் போய் கழட்டுன மெஷின் நெறைய. இந்த செட்டுல இஞ்ச் கிடையாது, அது கொறையில்ல, டப்பால தெளிவா போட்டிருக்கான். ஆனா தனியா இஞ்ச் செட்டு வச்சிருக்கவங்க அத இந்த கலர் கணக்குக்குள்ள கொண்டு வராதீங்க. என் இஞ்ச் கீ எல்லாத்துக்கும் ஒரே கலரு, ஆரஞ்சு, வேற பைல. ஆரஞ்சு கைல வந்தாலே இது இஞ்சுன்னு தெரியணும், எந்த இஞ்சுன்னு நம்பர பாத்துக்கலாம்.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில டெக்னீஷியனா இருக்குற ஒரு நண்பன் ஸ்பேனருக்கெல்லாம் ரெசிஸ்டர் கணக்குல கலரு போட்டு வச்சிருக்கான், அதாவது ரெசிஸ்டர்ங்கிற குட்டி எலக்ட்ரானிக்ஸ் பாகத்து மேல நம்பருக்கு பதிலா போடுற கலர் வளைய கணக்கு. எலக்ட்ரானிக்ஸ் படிச்சவங்களுக்கு மனப்பாடமா தெரியும், கறுப்பு 0, பிரவுன் 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. 10 எம்எம் ஸ்பேனர்ல பிரவுன் ஒரு வளையம் கறுப்பு ஒரு வளையம். 12க்கு பிரவுன் சிவப்பு, 13க்கு பிரவுன் ஆரஞ்சு, 17க்கு பிரவுன் ஊதா. கேக்க பைத்தியக்காரத்தனமா இருந்துச்சு, ஆனா யோசிச்சுப் பாத்தா அவன் எந்த சைஸு வாங்குனாலும் புதுசா கலரு தேட வேண்டியதில்ல, எந்த பிராண்டும் கொழப்பாது. அவன் டூல் பாக்ஸ்ல எல்லா ஸ்பேனருக்கும் கழுத்துல பிரவுன் வளையம், ரெண்டாவது வளையத்த மட்டும் பாத்து எடுக்குறான். ரெசிஸ்டர் தெரியாத ஆளுக்கு அது வெறும் கோலம். எனக்கு அது செட்டாகாது, அவனுக்கு அதவிட நல்லது கிடையாது.

இப்ப தம்பி கத. கூட வர்ற தம்பிக்கு சில கலரு பிரிச்சு தெரியாது, சின்ன வயசுலயே ஸ்கூல்ல கண்டுபுடிச்சிட்டாங்களாம். புள்ளி புள்ளியா போட்டு நடுவுல நம்பரு ஒளிச்சு வச்ச படம் காட்டுவாங்களே, அதுல அவனுக்கு பாதி நம்பரு தெரியல. சிவப்பு பச்சை பிரச்சினைன்னா சிவப்பும் பச்சையும் மட்டும்தான் கொழம்பும்னு நெனச்சிட்டிருந்தேன். இல்லயாம், ஊதாவுல கலந்திருக்குற சிவப்பு அவன் கண்ணுக்கு சரியா எட்டாது, அதனால ஊதாவும் அவனுக்கு நீலம்தான். பாத்தீங்களா, மறுபடியும் அதே 5உம் 6உம். "ஊதா குடு"ன்னு கேட்டா எப்படிடா சரியா குடுக்குறன்னு கேட்டேன், "அண்ணே, நான் கலர எங்க பாத்தேன், ஹோல்டர்ல மூணாவது ஓட்டைல இருக்குறத எடுத்து குடுக்குறேன்"ங்கிறான். கறுப்பு ஹோல்டர்ல பெருசுல இருந்து சின்னதுக்கு வரிசையா இருக்கு, 10, 8, 6. அவனுக்கு எடம்தான் கலரு. இந்த மாதிரி கண்ணு இருக்குறவங்க ஆம்பளைங்கள்ல கொஞ்சம் பேரு எப்பவும் இருப்பாங்க, பொம்பளைங்கள்ல ரொம்ப கம்மி, பரம்பரையா அப்படித்தான் வருது. ஒர்க்ஷாப்புல நாலஞ்சு பேருக்கு சேத்து டூல்ஸ் வாங்குற டவுக்கேமாரு இத மனசுல வச்சுக்குங்க. நான் மஞ்சள் நீலம்னு மாத்துனதுக்கு பாதி காரணம் அவன்தான், அந்த ரெண்டு கலரும் அவனுக்கு தெளிவா தெரியுது.

கலரு இன்னொரு எடத்துல நான் எதிர்பாக்காத அளவுக்கு உதவுது. வேலை முடிச்சு மூட்ட கட்டறப்ப. திரெட்மில் மோட்டாரு கவர மூடிட்டு கெளம்பறதுக்கு முன்னாடி ஹோல்டர ஒரு தடவ பாத்தா மஞ்சள் இல்லன்னு கண்ணுல அடிக்கும். கலர் இல்லாத செட்டுல ஒரு ஓட்டை காலியா இருந்தா அது கண்ணுக்கே தெரியாது. உள்ள கெடந்த கீ பெல்ட்டுல மாட்டுனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. ஏரோப்ளேன் மெயின்டனன்ஸ்ல இதுக்குன்னே ரெண்டு கலர் ஃபோம் வச்சிருப்பாங்க, மேல கறுப்பு, ஒவ்வொரு டூலுக்கும் அதோட வடிவத்துலயே குழி, குழியோட அடில மஞ்சளோ சிவப்போ. டூல எடுத்தா அடில இருக்குற கலரு பளிச்சுன்னு தெரியும், எது காணோம்னு எண்ணாமலே தெரியும். நான் ஹோல்டர் ஓட்டை ஒவ்வொண்ணையும் சுத்தி அந்தந்த கீ கலர்ல மார்க்கர் போட்டு வச்சிருக்கேன், ஃபோம் அளவுக்கு இல்லன்னாலும் வேலை நடக்குது.

கட்டுமான சைட்டுக்குள்ள போறவங்களுக்கு ஒண்ணு. புதுசா கட்டுற கோண்டோல மெஷின் எறக்க போனா சேஃப்டி ஆளுங்க டூல்ஸ பாப்பாங்க. அங்க கலர் டேப்புக்கு வேற அர்த்தம், இந்த மாசமோ இந்த காலாண்டோ செக் பண்ணியாச்சுங்கிற அடையாளம் அது, கிரைண்டரு, வயரு, பெல்ட்டு எல்லாத்துலயும் ஒட்டியிருப்பாங்க, எந்த கலருன்னு சைட்டுக்கு சைட்டு மாறும். உங்க எல் கீல பச்ச டேப்ப பாத்து இது போன காலாண்டு கலராச்சேன்னு நிறுத்தி கேட்டா ஆச்சரியப்படாதீங்க. என்ன கேட்டாங்க. நம்பர் எழுதியிருந்ததால காட்டி விளக்கிட்டு உள்ள போயிட்டேன்.

சரி, மார்க்கு. வாங்குன மாதிரியே வச்சிருந்தா அஞ்சுக்கு ரெண்டரை, இரும்புக்கு மட்டும். ஸ்லீவ புடுங்கிட்டு ஹீட் ஷ்ரிங்க் போட்டா நாலு. ஆனா ஸ்லீவ புடுங்கப் போறீங்கன்னா கலர் செட்டே எதுக்கு, அதே கடைல இருவது வெள்ளிக்கு தொங்குற வெள்ளி கலர் செட்ட வாங்கி டியூபுக்கு கொஞ்சம் காசு போட்டா முடிஞ்சது, அதுல நம்பரும் இரும்புலயே பொறிச்சிருக்கு. ஹாட் ஏர் கன்னு இல்லாதவங்க, பொறுமை இல்லாதவங்க இந்த செட்ட அப்படியே வாங்கி, வாங்குன அன்னிக்கே நம்பரு மேல தெளிவான டேப்பு ஒரு சுத்து சுத்திடுங்க, டீகிரீசர் படறதுக்கு முன்னாடி.

இதே கம்பெனி டோர்க்ஸ் செட்டும் போடுறான், நட்சத்திர ஓட்டைக்கு, T10ல இருந்து T50 வரைக்கும், அதே ஒம்போது கலருல. டவுக்கே அதையும் எடுத்து காட்டுனாரு. வாங்கல. அதுல T45க்கும் ஊதா போட்டிருக்கான், ரெண்டு செட்டும் ஒரே பைல இருந்தா ஊதான்னு கேட்டா எது வரும்னு யாருக்கும் தெரியாது. டோர்க்ஸ் வேணும்னா கலர் இல்லாத செட்டா பாத்து வாங்குங்க, T நம்பரு பொறிச்சிருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க.